மூன்றாம் மாடியில் ஆள் உண்டு

அனுப்புநர்:
நொயெமி ஃபுஸ்கீனி,
மின்னணு போர்டு பழுதுநீக்குநர்,
14, அலைக்கரைத் தெரு, மூன்றாம் மாடி,
மரீனா வால்செர்ரா.

பெறுநர்:
குடியிருப்போர் பதிவாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், வால்செர்ரா.

பொருள்: 'இருப்பிடத்தில் காணப்படாதவர்' என்று பதிவேட்டிலிருந்து என் பெயர் நீக்கப்பட்டதை ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு,

1. மேற்கண்ட முகவரியில் ஐந்து ஆண்டுகளாக, கோடையிலும் குளிர்காலத்திலும் வசித்து வருகிறேன். ஐஸ்கிரீம் கடை இயந்திரங்களின் கட்டுப்பாட்டு போர்டுகளைப் பழுது நீக்குவது என் தொழில். அக்டோபர் முடிவில் கடைக்காரர்கள் இயந்திரத்தை மூடுமுன் போர்டைக் கழற்றி எனக்கு அனுப்பிவிடுவார்கள். பூட்டிய கடைக்குள் விட்டால் உப்புக்காற்று அதைத் தின்றுவிடும். பிறகு அவர்கள் மலைக்கோ மகள் வீட்டுக்கோ போய்விடுவார்கள். போர்டுகளும் நானும் இங்கே இருப்போம்.

2. பிப்ரவரி 20 அன்று மருந்துச் சீட்டு வாங்கக் குடும்ப மருத்துவரிடம் சென்றபோதுதான், பதிவேட்டின்படி நான் இந்த ஊரில் வசிக்கவில்லை என்பதை அறிந்தேன். உடனே தங்கள் அலுவலகம் வந்தேன். முகப்பில் இருந்த ஊழியர் எனக்கு நாற்காலி கொடுத்து, பொறுமையாகவே பேசினார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “நீங்க இருக்கீங்கன்னு நீங்களே சொன்னா எப்படிங்க? அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் சொல்லணும்.” மின்கட்டண ரசீதைக் காட்டினேன். “கரண்டு ஓடுதுன்னா ஃபிரிட்ஜ் ஓடுதுன்னு அர்த்தம்மா. ஆள் இருக்காங்கன்னு இல்ல.”

கோடைக்கால வீட்டையே நிரந்தர வீடென்று பதிந்து வரிச்சலுகை பெறுகிறவர்கள் எங்கள் தெருவில் பலர் உண்டு. ஆகவே அவர் சந்தேகப்பட்டதில் தவறு காணவில்லை.

3. நகராட்சிக் காவலர் திரு. லோரிஸ் பப்பீனி அவர்களின் அறிக்கையைப் படிக்கக் கொடுத்தார்கள். சென்ற ஆண்டு பிப்ரவரி 6, டிசம்பர் 3, இவ்வாண்டு பிப்ரவரி 12 ஆகிய மூன்று நாட்களும் அவர் வந்திருக்கிறார். "அழைப்பு மணி அழுத்தப்பட்டது. பதிலில்லை. கடல் பக்கத்து ஜன்னல்கள் அடைபட்டிருந்தன. விசாரிக்க அண்டையில் எவருமில்லை." ஜன்னல்களை அடைத்தது நான்தான். ஈரம் உள்ளே வந்தால் ஒரு வாரம் கழுவி உலர்த்திய போர்டின் செம்பு ஒரே நாளில் பச்சை பூத்துவிடும். அண்டையில் எவருமில்லை என்பதும் உண்மை. இக்கட்டடத்தின் இருபத்து நான்கு வீடுகளில் குளிர்காலத்தில் விளக்கெரிவது ஒன்றில் மட்டும்.

4. ஆனால் மணி ஒலிக்கவே இல்லை என்று அலுவலகத்தில் உறுதியாகச் சொன்னேன். வீடு திரும்பி, வாசலில் நின்று, என் பெயருக்கு எதிரே இருந்த பொத்தானை அழுத்தினேன். குடிவந்த நாளிலிருந்து அதை நான் தொட்டதில்லை. மேலே சத்தமில்லை. கட்டட மேலாளர் ஒவ்வோர் அக்டோபர் 31 அன்றும், குளிர்காலம் முடியும்வரை, பொதுமின்சாரத்தை நிறுத்திவிடுகிறார். லிஃப்ட் நிற்பதும் படிக்கட்டு விளக்கு அணைவதும் எனக்குத் தெரியும், கைவிளக்கு வைத்திருக்கிறேன். மணியும் அதே இணைப்பில்தான் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. பார்சல்களை நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையத்திலுள்ள தானியங்கிப் பெட்டியிலிருந்து நானே சைக்கிளில் எடுத்து வருகிறேன். ஆகவே ஐந்து குளிர்காலங்களாக மணி செத்துக் கிடந்ததை அறியும் சந்தர்ப்பம் எனக்கு வாய்க்கவில்லை.

நாள் முழுவதும் பிறர் இயந்திரத்தில் மின்சாரம் எங்கே நின்றுபோயிற்று என்று தேடுகிறவள் நான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதுதான் நடந்தது.

5. சாட்சி தேடினேன். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் திருமதி டெர்னா ஜவுலியைத் தொலைபேசியில் அழைத்தேன். “ஜூலைல நீ இருந்தேன்னு நூறு தடவ சொல்றேன்டி. ஜனவரில நானே அங்க இல்லையே, உன்னப் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டா அப்புறம் பாவமன்னிப்பு கேட்டுப் பாதிரியார்கிட்ட யாரு போய் நிக்கிறது?” என்றார். நானும் சிரித்தேன். பிறகு, “ஏன்டி, நெசமாவே அங்க யாருமே இல்லியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவரைத் தவிர வேறு எவரையும் நான் தொந்தரவு செய்யவில்லை.

6. ஆகவே என்னிடம் உள்ள சான்றை மட்டும் இணைத்துள்ளேன். பழுது நீக்கிய ஒவ்வொரு போர்டையும் இரண்டு நாள் ஓடவிட்டு, அதன் வெப்ப உணரியை உருகும் பனிக்கட்டியில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவைப் பார்த்துக் கையால் எழுதுவேன். தூங்கும் நேரத்துக்கு மட்டும் கோடு போட்டுவிடுவேன். உணரி இரண்டு டிகிரி பொய் சொன்னாலும் இயந்திரத்தில் ஐஸ்கிரீமுக்கான பால் கிருமி சாகும் அளவுக்குக் காயாது. யாரோ ஒரு குழந்தைக்கு நோய் வரும். அறிக்கைப்படி திரு. பப்பீனி பிப்ரவரி 12 அன்று மணியை அழுத்திய நேரம் காலை 10.43. என் தாளில் 10.40க்கும் 10.50க்கும் அளவுகள் உள்ளன. அவர் காற்றில் நின்ற அந்த நேரத்தில் நான் பின்னறையில் இருந்தேன். அவரைக் காக்க வைத்ததற்கு வருந்துகிறேன். அன்று கடும் குளிர்.

7. பதிவேட்டில் முகவரி இல்லாதவரின் பழுதுநீக்கச் சான்று செல்லாது. மார்ச் 19, புனித யோசேப்பு நாளன்று கடைகள் திறக்கின்றன. முப்பத்தேழு போர்டுகள் என் மேசையில் தயாராக உள்ளன. என் பெயரோடு அவை போக வேண்டும்.

எனவே நீக்கத்தை ரத்து செய்து, அந்நாளுக்கு முன் என் பெயரை மீண்டும் சேர்க்குமாறு வேண்டுகிறேன். மணியை என் வீட்டு மின்இணைப்பில் சேர்த்துவிட்டேன், இப்போது ஒலிக்கிறது. மறு ஆய்வுக்கு யாரையும், எந்த நாளிலும், முன்னறிவிப்பின்றி அனுப்பலாம். விதிப்படி ஒரு முறை வந்தால் போதும் என்பதை அறிவேன். வரும் குளிர்காலத்தில் மாதம் ஒரு முறை வந்து சரிபார்ப்பது அவசியம் என்று தாங்கள் கருதினால், அதற்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இணைப்பு: சோதனைத் தாள்கள் 37.

இடம்: மரீனா வால்செர்ரா
நாள்: 3 மார்ச் 2025

இம்முகவரியில் வசிக்கும்,
நொயெமி ஃபுஸ்கீனி
(கையொப்பம்)