மூன்றாம், நான்காம் பாடவேளை

சாய்ந்தமருது,
25.02.2024

அன்பின் மிஹ்லாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். உன் வீட்டாரும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன். பெரும்போக வெட்டு முடிந்து நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. கடைசி நேர மழை கொஞ்சம் அலைக்கழித்தது. மற்றபடி குறையில்லை.

சாய்ந்தமருதிலிருந்து மருதமுனைக்குக் கடிதம் எழுதுகிறானே, இவனுக்கு என்ன பிடித்தது என்று நினைப்பாய். போனில் கதைத்தால் இரண்டு நிமிடத்தில் சத்தம் போடுவோம். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு முடித்துவிடுவாய். கடிதம் என்றால் முழுவதையும் வாசித்தே ஆகவேண்டும்.

விஷயம் மகள் அம்ஹாவின் படிப்பு. முந்தாநாள் ஜும்ஆ முடிந்து வந்து சாப்பாட்டுக்கு இருந்தபோது மேசையில் அவளுடைய இரண்டு இரசாயனவியல் கொப்பிகள் கிடந்தன. ஒன்று உன் டியூசன் கொப்பி. அது மூன்றாவது கொப்பியாம், கடைசி ஒற்றை வரை நிறைந்திருந்தது. மற்றது பாடசாலைக் கொப்பி. அதில் கடைசித் திகதி ஒக்டோபர் பதினேழு. இரண்டுக்கும் ஆசிரியர் நீ.

பிள்ளையிடம் கேட்டேன். "சேர் வருவாரு வாப்பா. வரவு இடாப்பு மார்க் பண்ணுவாரு. டியூசன்ல செஞ்சதப் பாருங்க எண்டுபோட்டு போனப் பாத்துக்கிட்டு இரிப்பாரு" என்றாள். குறையாகக்கூடச் சொல்லவில்லை. வெளியே வெயில் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் என்னைச் சுட்டது.

அவளுடைய வகுப்பில் ஹஸ்னா என்று ஒரு பிள்ளை இருக்கிறாள். வரிப்பத்தான்சேனையில் என் வயலுக்குப் பக்கத்து வயல்காரரின் மகள். ஓ.எல் பரீட்சையில் ஒன்பது ஏ எடுத்தவள். உன் டியூசன் ஆறு மணிக்கு முடிகிறது. அவளுடைய கடைசி பஸ் நாலரைக்குப் போய்விடுகிறது. பாடசாலையை விட்டால் அவளுக்கு வேறு இடமில்லை. செவ்வாய்க்கிழமை மூன்றாம், நான்காம் பாடவேளையில் தன்பாட்டுக்குப் புத்தகத்தை வாசித்துக்கொண்டு இருக்கிறாளாம்.

நீ நன்றாகப் படிப்பிப்பாய் என்று ஊருக்கே தெரியும். அந்தப் படிப்பைப் பின்னேரம் கொடுத்துவிட்டுக் காலையில் ஒளித்து வைக்கிறாய். களவு என்பதைவிட வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கிழமையோடு அம்ஹாவை டியூசனிலிருந்து நிறுத்துகிறேன். அவளுக்கு நீ பாடசாலையில் படிப்பி.

கோபத்தில் எழுதினாலும் உன் கூட்டாளியாகவே எழுதும்,
சரீப்


மருதமுனை,
04.03.2024

மச்சான் சரீப்,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை ஆசிரியர் ஓய்வறையில் வைத்துப் பிரித்தேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். "களவு" என்ற இடத்தில் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, மிச்சத்தை வீட்டுக்கு வந்துதான் வாசித்தேன்.

நீயும் நானும் ஒரே வாங்கில் இருந்து உயர்தரம் எழுதினோம். எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்து, உனக்கு மூன்று புள்ளியில் தவறியபோது, ஒரு மாதமாக உன் வீட்டுப் பக்கம் வர எனக்குக் கூச்சமாக இருந்தது. அதே கூச்சம் இப்போது உன் கடிதத்தால் வந்திருக்கிறது.

வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர். நாற்பத்தைந்து பேர் என்னிடமோ வேறு ஒருவரிடமோ பாடத்தை முடித்துவிட்டு வருகிறார்கள். நான் எழுதத் தொடங்கினால் "சேர், இது முடிஞ்சி" என்கிறார்கள். ஆய்வுகூடத்தில் எரிவாயு இல்லாமல் நான்கு வருடம். நேர அட்டவணையில் கிழமைக்கு எட்டுப் பாடவேளை இருக்கிறது. விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, ஆள் வராத வகுப்புக்கு என்னை அனுப்புவது எல்லாம் போக மூன்று மிஞ்சினால் பெரிய காரியம். சம்பளத்தைப் பற்றி எழுத மாட்டேன். நெல் விலையைப் பற்றிப் புலம்புகிற உனக்கு அது விளங்கும்.

இதெல்லாம் ஒரு காரணமா என்று கேட்பாய். ஓம், சில நாட்கள் போனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளை பொய் சொல்லவில்லை.

ஆனால் அம்ஹாவை நிறுத்தாதே. சேதன இரசாயனம் தொடங்கப்போகிறேன். அவள் ஒரு கேள்வி கேட்டால் வகுப்பு முழுவதும் நிமிர்ந்து இருக்கும். காசு வேண்டாம், என் சொந்தப் பிள்ளைபோல வந்து படிக்கட்டும். என் மேலுள்ள கோபத்தை அவள் தலையில் ஏற்றாதே.

நோன்பு வருகிறது. ஒரு நாளைக்கு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு நோன்பு திறக்க வாருங்கள். கஞ்சியைக் குடித்துவிட்டுச் சண்டை பிடிப்போம்.

மிஹ்லார்


சாய்ந்தமருது,
28.04.2024

அன்பின் மிஹ்லார்,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு திறக்கவும் வரவில்லை, பெருநாளுக்கும் வரவில்லை. வந்தால் உன் மனைவியின் வட்டிலப்பத்தைத் தின்றுவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பியிருப்பேன்.

நீ காசு வேண்டாம் என்று எழுதியதை வாசித்து அம்ஹாவின் உம்மாவுக்குச் சந்தோஷம். "போகட்டுமே, அவருதானே கூப்பிடுறாரு" என்றாள். நான் விடவில்லை. என் பிள்ளைக்கு இடம் இருக்கிறது என்றால் ஹஸ்னா எங்கே போவாள்? நான் உன் தயவைக் கேட்கவில்லை. அந்த இரண்டு பாடவேளையைக் கேட்கிறேன்.

வியாழக்கிழமை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நான் எழும்பியது உனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். உன் பெயரைச் சொல்லவில்லை. "இரசாயனவியல் பாடம் இங்க நடக்குதா, இல்லையா" என்று மட்டும் கேட்டேன். அதிபர் கூரைத் தகட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். நீ எழும்பி வெளியே போனாய். போகும்போது உன் கை என் தோளில் பட்டது. தட்டினாயா, தள்ளினாயா என்று இன்னும் யோசிக்கிறேன்.

இப்போது மஃரிப் தொழுகைக்குப் பிறகு நானே புத்தகத்தை எடுத்து அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்க்கிறேன். சமநிலை என்ற பாடம் வரை இழுத்தேன். அதற்கு மேல் எனக்கு ஏலாது. "பரவால்ல வாப்பா" என்று அவள் சொல்லும்போது வெட்கமாக இருக்கிறது.

மே முடியும்வரை பார்ப்பேன். பிறகு வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுவேன். உனக்குத் தெரியாமல் செய்யக்கூடாது என்றுதான் இப்போதே சொல்கிறேன்.

சரீப்


மருதமுனை,
19.05.2024

சரீப்,

ஸலாம். தட்டவும் இல்லை, தள்ளவும் இல்லை. கதிரைக் காலில் இடறியது, உன் தோளைப் பிடித்தேன்.

மூன்று செவ்வாயாகப் பாடம் எடுக்கிறேன். முதல் செவ்வாய் பாதி வகுப்பு பௌதிகவியல் கணக்குச் செய்துகொண்டிருந்தது. இரண்டாம் செவ்வாய் முடிந்து, ஒரு தகப்பன் அதிபரிடம் போய், முடிந்த பாடத்தையே திரும்ப எடுத்துப் பிள்ளைகளின் நேரத்தை வீணாக்குகிறேன் என்று முறையிட்டார். மூன்றாம் செவ்வாய் அந்த வரிப்பத்தான்சேனைப் பிள்ளை முன் வாங்குக்கு வந்து இருந்தாள். இரண்டு பாடவேளையும் அவள் ஒருத்தியைப் பார்த்தே படிப்பித்தேன். மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. அப்படி நடந்து எத்தனை வருடமோ.

வலயத்துக்கு எழுதாதே. ஒரு கடதாசி உன் கையை விட்டுப் போனால், அதை வைத்து யார் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியாது. பரீட்சைக்கு ஆறு மாதம்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறு. கெஞ்சுகிறேன் என்று எடுத்தாலும் பரவாயில்லை.

மிஹ்லார்


சாய்ந்தமருது,
10.06.2024

மிஹ்லாருக்கு,

சனிக்கிழமை பசளை வாங்கக் கல்முனைக்கு வந்தேன். உன் டியூசன் மண்டபத்து வாசலில் அம்ஹாவின் சைக்கிள் நின்றது.

பெருநாள் முடிந்ததிலிருந்து வருகிறாளாம். அவளுடைய உம்மாவுக்குத் தெரியும். உனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு திணறியபோதெல்லாம், அந்தப் பாடத்தை உன்னிடம் படித்து முடித்துவிட்டுத்தான் "பரவால்ல" என்று சொல்லியிருக்கிறாள்.

வீட்டில் வைத்துக் கேட்டேன். அவள் அழவில்லை. "உங்கட ரோசத்துக்கு என்ட பரீட்சையக் குடுக்க ஏலா வாப்பா" என்றாள். உம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். என் வீட்டில் நான் விருந்துக்கு வந்தவன் மாதிரி நின்றேன்.

"பொறு" என்று எனக்கு எழுதிய கிழமையும் அவள் உன் வகுப்பில்தான் இருந்திருக்கிறாள். அதைச் சொல்ல உன் கடிதத்தில் ஒரு வரி இடம் கிடைக்கவில்லை.

இன்று காலை வலயத்துக்குப் பெட்டிசம் போய்விட்டது. மருந்துக்கடை மக்கீன் எழுதினான். அவன் மகனும் அதே வகுப்புத்தான். ஐந்து பெற்றோர் கையெழுத்து வைத்திருக்கிறோம். முதல் கையெழுத்து என்னுடையது.

சரீப்


மருதமுனை,
31.07.2024

சரீப்,

விசாரணை முடிந்தது. பெட்டிசத்தை எனக்கு முன்னால் வைத்தார்கள். நாலாவது பந்தியில், டியூசனுக்கு வராத மாணவிகளைச் சித்தியடைய விடமாட்டேன் என்று நான் மிரட்டுவதாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே முதல் கையெழுத்து.

பாடசாலையில் ஒழுங்காகப் படிப்பிக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டேன். யாரையும் மிரட்டவில்லை என்று சொன்னேன். விசாரித்தவர், "முதலாவது ஒப்பம் வெச்சவரு உங்கட கூட்டாளியாமே. அவரும் பொய்யா சொல்றாரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உன்னைப் பொய்யன் என்று சொல்லவேண்டி வரும்.

ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து பொத்துவிலுக்கு அப்பால் ஒரு பாடசாலைக்கு இடமாற்றம். எனக்குப் பதிலாக யாரும் வரவில்லை. கடைசிச் செவ்வாயும் போய் இரண்டு பாடவேளை எடுத்தேன். "மிச்சத்த ஆரு சேர் எடுப்பாங்க?" என்று ஹஸ்னா கேட்டாள். அதிபரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அம்ஹா வருவதை உனக்கு எழுதாதது என் பிழை. "வாப்பாக்குச் சொல்லாதீங்க சேர்" என்று அவள் கேட்டாள். நானும் ஒரு தகப்பன், கேட்டிருக்கக்கூடாது.

கல்முனை மண்டபத்தை விட்டுவிட்டேன். ஞாயிறு மட்டும் ஊரில் இருப்பேன். அன்று வீட்டு விறாந்தையில் ஒரு வகுப்பு நடக்கும். அம்ஹாவை அனுப்பு என்று இனிச் சொல்ல மாட்டேன். வந்தால் திருப்பி அனுப்பவும் மாட்டேன்.

மிஹ்லார்


சாய்ந்தமருது,
15.09.2024

அன்பின் மிஹ்லார்,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒன்றரை மாதமாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

நாலாவது பந்தியை நான் வாசிக்கவில்லை. சைக்கிளைக் கண்ட கோபத்தோடு நேரே மக்கீனின் கடைக்குப் போய், நின்றபடி கையெழுத்துப் போட்டேன். வாசித்திருந்தால் போட்டிருக்க மாட்டேன் என்று எழுதத்தான் ஆசை. அன்றைக்கு இருந்த மனதுக்குப் போட்டிருப்பேனோ என்றும் தோன்றுகிறது.

போன கிழமை வலயத்துக்குப் போய், அந்தப் பந்தி பொய், வாசிக்காமல் ஒப்பம் வைத்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். பிரதி இதோடு இருக்கிறது. "இத அப்பவே சொல்லியிரிக்கணும்" என்று சொல்லிவிட்டு உத்தியோகத்தர் அதைக் கடதாசிக் கோவைக்குள் போட்டார். இடமாற்றத்தை மாற்ற முடியாதாம். நான் உன்னைப் படிப்பிக்க வைக்கச் சொல்லித்தான் கேட்டேன் மிஹ்லார். உன்னைத் தூக்கச் சொல்லிக் கேட்கவில்லை. இதை அங்கே சொன்னபோது அவர் சிரித்தார்.

ஆசிரியர் கேட்டு நான்கு தரம் போய்விட்டேன். வருவார் என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அந்த நேரம் பிள்ளைகள் மைதானத்து வேம்புக்குக் கீழே இருக்கிறார்கள். மக்கீன் மகனைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டான். பள்ளிவாசலில் ஒருவர், "நல்லாத்தான் நியாயம் கேட்டீங்க காக்கா. இரிந்த சேரும் இல்ல இப்ப" என்றார். செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

ஹஸ்னாவை ஞாயிறு வகுப்பில் சேர்ப்பாயா? சனிக்கிழமை பின்னேரம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து அம்ஹாவோடு தங்குவாள். ஓட்டோவில் இரண்டு பேரையும் நான் கொண்டுவந்து விடுவேன். உள்ளே வரமாட்டேன். நீ பதில் எழுத வேண்டியதில்லை. அவளை இருக்கவிட்டால் போதும்.

சரீப்


சாய்ந்தமருது,
27.04.2025

அன்பின் மிஹ்லார்,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று முடிவு வந்தது. உனக்குப் பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள். ஹஸ்னாவுக்கு இரசாயனவியலில் பீ. பல்கலைக்கழகம் கிடைக்கும் போலிருக்கிறது. அவளுடைய வாப்பா வயல் வரம்பில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு உன் பெயரைச் சொல்லி அழுதார்.

அம்ஹாவுக்கு சீ. அவள் கேட்ட பல்கலைக்கழகப் படிப்பு கிடைக்காது. பாடசாலையில் ஆசிரியர் இல்லாமல் மூன்று மாதம் கிடந்த அலகுகளில்தான் புள்ளி போயிருக்கும். "ரெண்டாந்தரம் எழுதுறன் வாப்பா" என்றாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசினால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருக்கும்.

அந்த ஞாயிறுகளில் உன் வீட்டுப் படலைக்கு முன்னால் ஓட்டோவில் இருந்துகொண்டு உன் குரலைக் கேட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு நானும் அம்ஹாவின் உம்மாவும் வரலாமா? மன்னிப்பைக் கடதாசியில் கேட்கக்கூடாது என்று அவள் சொல்கிறாள்.

சரீப்


பொத்துவில்,
21.05.2025

சரீப்,

வஅலைக்கும் ஸலாம். இங்கே விஞ்ஞான வகுப்பில் பதினொரு பேர். டியூசன் எடுக்க ஊரில் ஆளில்லை. காலையில் படிப்பிக்கிறேன். விளங்காதவர்களைப் பின்னேரமும் அதே அறையில் வைத்துப் படிப்பிக்கிறேன். கல்முனையில் இதைச் செய்யாததற்கு உனக்கு எழுதிய காரணங்களில் பாதி உண்மை. மிச்சப் பாதிக்கு நான்தான் பொறுப்பு. நீ கேட்டது சரி.

உன் பிரதி அப்போதே கிடைத்தது. வீட்டில் வாசித்துக் காட்டினேன். ஒன்று உனக்குத் தெரியாது. பிள்ளைகளை மிரட்டினவர் என்ற கதை ஊரில் கிளம்பிய மாதம், எங்கள் மூத்தவளுக்கு வந்திருந்த கலியாணப் பேச்சை மாப்பிள்ளை வீட்டார் நிறுத்திவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவள் இப்போதும் வீட்டில் இருக்கிறாள். நீ வரக் கேட்டதை மனைவியிடம் சொன்னேன். "அவங்கட புள்ள வரட்டும். அவரு வரவேணாம்" என்றாள். நான் அவளோடு தர்க்கிக்கவில்லை.

மன்னித்துவிட்டேன் சரீப். அல்லாஹ்வுக்காக, மனதோடு சொல்கிறேன். ஆனால் உன்னோடு இருந்து கதைக்க என்னால் ஏலாது. கோபம் இருந்தவரைக்கும் உனக்கு எழுத முடிந்தது. இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். இதற்குப் பிறகு எழுத மாட்டேன். நீயும் எழுதவேண்டாம்.

அம்ஹா இரண்டாம் தரம் எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல். அவளை நான் கரைசேர்ப்பேன், இன்ஷா அல்லாஹ். ஓட்டோவைச் சந்தியிலேயே நிறுத்து. அங்கிருந்து அவள் நடந்து வருவாள்.

மிஹ்லார்