பத்தியம் இல்லாத பச்சிலை

வாழவந்தி
புரட்டாசி, சனிக்கிழமை

ஓசூரில் இருக்கும் மருமகள் ராணிக்கு அத்தை வெள்ளையம்மாள் எழுதுவது.

இங்கே நானும் மாடும் நலம். நீயும் விஜயகுமாரும் பாப்பாவும் நலமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் வேண்டும். படித்துவிட்டுக் கிழி. மூன்றாம் வகுப்போடு நின்றவள், பிழையைப் பார்க்காதே.

வைகாசியில் எனக்குக் கால் மரத்துப்போனது. ஊருக்கு வரும் நர்ஸ் ஜெயமேரி சோதித்துவிட்டு, சுகர் முந்நூற்றைத் தாண்டிவிட்டது என்றாள். மாத்திரை கொடுத்தாள். காலையில் நான் குடிக்கும் மூன்று டம்ளர் காப்பியையும் தொட்டுத் தின்னும் வறுக்கி ரொட்டியையும் நிறுத்தச் சொன்னாள். அதற்குப் பதில் ஒரு பிடி கீரை, ஒரு கொய்யாக்காய், பாதி பட்டர் ஃப்ரூட் போட்டு அரைத்து, சர்க்கரை இல்லாமல், வடிகட்டாமல் குடிக்கச் சொன்னாள். நீ குடித்த அதே பச்சைச் சாறு.

நீ இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. விடிந்ததும் கீரையை அரைத்து வெறும் வயிற்றில் குடித்தாய். நம் மலையில் வெறும் வயிற்றில் பச்சிலை குடிப்பவர்கள் நோயாளிகள்தான். உனக்கோ நோய் இல்லை. பிறகு எதற்குக் குடிக்கிறாள் என்று யோசித்து, நானே ஒரு முடிவு கட்டிக்கொண்டேன். ஆடி மூன்றாம் வெள்ளி, மழை விட்ட நேரம், குழாயடியில் வைத்து மற்றப் பெண்களிடம் சொன்னேன், பிள்ளை தங்கக்கூடாது என்று நீ மருந்து குடிக்கிறாய் என்று. நீ குடத்தோடு பின்னால் நின்றதைப் பார்க்கவில்லை. "ஏனுங்க அத்தை, கீரை தின்னாக் குத்தமுங்களா?" என்று கேட்டாய். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்த வாரமே இரண்டு பேரும் பஸ் ஏறினீர்கள். நான்கு வருஷம் ஆகிறது.

குழாயடியில் நான் பேசிய மறுநாள் உன் அம்மா ரேஷன் கடை முன்னால் என்னை என்ன சொன்னாள் என்பதும் ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. அதை நான் மன்னிக்கவில்லை. அது வேறு பேச்சு.

நர்ஸ் சொன்னபடி குடிக்க ஆரம்பித்தேன். மருந்து என்றால் பத்தியம் வேண்டுமே. உப்பு இல்லை, புளி இல்லை, மத்தியானத்துக்கும் வெறும் கஞ்சி என்று இருந்தேன். ஒன்பதாம் நாள் காப்பித் தோட்டத்தில் களை வெட்டும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். ஜெயமேரி வந்து விசாரித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அம்மா, இது மருந்தில்லீங்க. இட்லி தோசை மாதிரி இதும் காலைச் சாப்பாடுங்க. சோத்தை உட்டுப்போட்டுப் பத்தியம் இருக்க யாருங்க சொன்னது?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்படியென்றால் நோய் இல்லாதவளும் குடிக்கலாமா என்று கேட்டேன். "நானே நெதமும் குடிக்கறனுங்க" என்றாள்.

அவளுக்கு மூன்று பிள்ளைகள்.

அன்று ராத்திரி உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். அந்த வெள்ளிக்கிழமை குழாயடியில் யார் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஐந்து பேர். மறுநாள் காலை புறப்பட்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, என் மருமகள் குடித்தது சாப்பாடு, நான் சொன்னது பொய் என்று சொன்னேன். தெரசம்மாள் மட்டும் சேலத்துக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். பஸ் ஏறிப் போய் அவளிடமும் சொன்னேன். "இதைச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். காப்பி கொடுத்தாள், சர்க்கரை இல்லாமல் வாங்கிக் குடித்தேன்.

இப்போது நீ விட்டுப்போன மிக்ஸியில்தான் அரைக்கிறேன். முருங்கை இலை போட்டால் கசக்கிறது. நீ தண்டுக்கீரையோடு ஒரு துண்டு இஞ்சியும் எலுமிச்சையும் சேர்ப்பாய், அதையே செய்கிறேன். முதலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். நான்கு மாதம் ஆகிறது, இப்போது ஒரு நாள் குடிக்காவிட்டாலும் வயிறு தேடுகிறது. சுகர் நூற்று அறுபதுக்கு இறங்கிவிட்டது. நான் பச்சிலை குடிப்பதைப் பார்த்து, வெள்ளையம்மாளுக்கு மஞ்சள் காமாலை என்று ஊருக்குள் ஒரு பேச்சு ஓடுகிறது. ஓடட்டும்.

பாப்பாவுக்கு ஒன்றரை வயது என்றும் சிவசக்தி என்று பேர் வைத்திருப்பதாகவும் விஜயகுமார் சொன்னான். இன்னும் மொட்டை போடவில்லையாம். இங்கே வந்து போடுங்கள், சாமி. தாய்மாமன் மடி வேண்டும், உன் அண்ணன் ஐயாக்கண்ணுவையும் கூட்டி வா. உன் அம்மாவும் வரட்டும். அவளோடு பேசமாட்டேன், ஆனால் முதல் பந்தியில் உட்கார வைப்பேன்.

மலை ஏற மனசு வராவிட்டால் சொல், நான் இறங்கி வருகிறேன். சேலத்தில் ஓசூர் பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். நீ கதவைத் திறந்தால் போதும், கண்ணு. விடிகாலையில் உன் கையால் ஒரு டம்ளர் கொடு. அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கமாட்டேன்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அத்தை,
வெள்ளையம்மாள்