ஜன்னலில் திணித்த ரஜாய்

இல்லை மகளே சாயர், தூசி இல்லை. ஏன் இருமுகிறாய் என்று நீ போனில் கேட்டபோது கல்தூசி என்று சொன்னேன், ஏனென்றால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள், உன் தங்கை சுவாவும் பெரியம்மா இமர்த்தியும் பக்கத்திலேயே இருந்தார்கள். இந்த வீட்டில் போன் எல்லோருடையது. காகிதம் மட்டும் என்னுடையது. ஜெர்மனியில் பனி கொட்டுகிறது என்றாயே, காதை மூடிக்கொண்டு போ. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதப் போனேன். கை அந்த வரியில் நின்றுவிட்டது.

சுவாவின் குழந்தை நன்றாக இருக்கிறாள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பால் குடிக்கிறாள், தூங்குகிறாள், தூக்கத்தில் யாரையோ பார்த்து முகம் சுளிக்கிறாள். சுவாவுக்குப் பிசின் லட்டு திகட்டிவிட்டது, பெரியம்மா விடுவதாக இல்லை. முதல் பிரசவம், தாய்வீடு, எல்லாம் முறைப்படி. பின்கட்டு அறையைக் கொடுத்தோம். குளிர் புகாமல் ஜன்னலில் பழைய ரஜாயை, அந்தக் கனத்த பஞ்சுப் போர்வையை, திணித்தோம். வாசலில் திரை, கட்டிலுக்கு அடியில் அரிவாள், மூலையில் ஓமப்புகை. சூரிய பூஜை ஆகும்வரை தாயும் பிள்ளையும் வாசற்படி தாண்டக் கூடாது. தனியாகவும் இருக்கக் கூடாது, ஒருத்தி எப்போதும் கூட இருக்க வேண்டும். அந்த ஒருத்தி நான்.

இருமினேன். ஓமப்புகை என்று நினைத்தேன். புகை இல்லாதபோதும் இருமினேன், கல்தூசி என்று நினைத்தேன். குவாரி ஊரில் இருமலுக்கு யார் தலை திருப்புகிறார்கள், இருமாத ஆளைப் பார்த்தால்தான் ‘என்னப்பா, வேலைக்குப் போகலையா’ என்று கேட்பார்கள். உன் அப்பா இருமியபோதும் கல்தூசி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம், அவரும் அப்படியே சொல்லிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். இந்த முறை எனக்கு ரவிக்கைகூடத் தளர்ந்தது. பெரியம்மா என் இடுப்பைக் கிள்ளி, “ஏ ஜமனா, பேத்தி பொறந்ததும் நீ கொமரியாயிட்டியேடி” என்றாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது.

குழந்தையை எடை போட வந்த சுகாதாரப் பணியாளர் ஆஷா தீதி குழந்தையைப் பார்க்காமல் என் கழுத்தெலும்பையே பார்த்தாள். சளி கேட்டாள், ரத்தம் எடுத்தாள். இன்று காலை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டு, சர்க்கரை ஏறிக் கிடக்கிறது என்றாள், பிறகு இன்னொன்றையும் சொன்னாள். உன் அப்பாவுக்கு வந்தது. டிபி. ஒரு முகமூடியை என் கையில் வைத்தாள். அதன்பிறகு நான் அந்த அறைக்குள் போகவில்லை.

போன தீபாவளிக்கு வந்தபோது மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டே நீ அங்கே ஆராய்கிற டிபி கிருமியைப் பற்றிச் சொன்னாய், நினைவிருக்கிறதா. நம் உடம்பின் காவலாட்கள் அந்தக் கிருமியை விழுங்குவார்கள், கொல்ல முடியாமல் சுற்றிலும் சுவர் எழுப்புவார்கள் என்றாய். சுவருக்குள் காற்று குறையும், புளிப்பு ஏறும், இரும்புச்சத்து கிடைக்காது. ஒவ்வொன்றையும் அது உணரும், உணர்ந்து தன்னை மாற்றிக்கொள்ளும். பெருகுவதை நிறுத்தும். நம் கொழுப்பைக் கொஞ்சமாகத் தின்றுகொண்டு ஒடுங்கிக் கிடக்கும். வருஷக்கணக்காக. நான் மிளகாயைப் புரட்டிக்கொண்டே தலையாட்டினேன். யாரோ ஒருத்தி உடம்பைப் பற்றிச் சொல்கிறாய் என்றுதான் இருந்தது.

இன்று காலையிலிருந்து நெஞ்சில் கை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன். உன் அப்பாவின் பக்கத்தில் படுத்த நாட்களில் அது எனக்குள் வந்திருக்கும். அவர் போனபின்பும் இருந்திருக்கிறது. நான் விரதம் இருந்ததை, உன்னை விமானம் ஏற்றிவிட்டு வந்து சாப்பிடாமல் கிடந்ததை, எல்லாம் உள்ளே இருந்தபடி உணர்ந்திருக்கிறது. சர்க்கரை ஏறிச் சுவர் தளர்ந்தது எனக்கே தெரியாது, அதற்குத் தெரிந்துவிட்டது. என் உடம்பை இவ்வளவு உற்றுக் கவனித்தவர் வேறு யாரும் இல்லை. “அதுக்கு நம்ம மேல கோவமெல்லாம் கிடையாதும்மா, காத்து குறைஞ்சா ஒடுங்கும், சுவர் தளர்ந்தா எழும்பும், அவ்வளவுதான்” என்று நீ சொன்னாய். கோபம் இருந்தால் காலில் விழலாம். ‘அவ்வளவுதான்’ என்பதிடம் என்ன கேட்பது.

பயமாக இருக்கிறது சாயர். எனக்காக இல்லை. இருட்டு, அசையாத காற்று, மூடிய ஜன்னல். அந்த அறையை நாங்கள்தான் அப்படிச் செய்தோம். அதற்குள் உட்கார்ந்து குழந்தையின் முகத்துக்கு நேராகப் பாடினேன். அவள் கொட்டாவி விட்டபோதெல்லாம் சிரித்தேன்.

ஜன்னலைத் திறக்க வேண்டும், குழந்தையை ஜோத்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும், வராமல் தடுக்க மருந்து இருக்கிறது, தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்கிறாள் தீதி. பூஜைக்கு முன் குழந்தையை வெளியே எடுத்தால் சம்பந்தி வீட்டுக்குக் காரணம் சொல்ல வேண்டும். பெரியம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவள் பாணியில், “வியாதியப் படிக்க மகள ஜெர்மனிக்கு அனுப்புன, அது வீட்டுலயே இருந்திருக்கு, டிக்கெட்டாவது மிச்சமாயிருக்கும்” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அப்புறம் என் கையைப் பிடித்து, “வியாதி பேரைச் சொல்லாதடி. சொன்னா சுவாவோட மாமியா தாயையும் பிள்ளையையும் இங்கயே விட்டுட்டுப் போயிருவா. பூஜை முடியட்டும்” என்றாள். பூஜைக்கு இன்னும் நாள் இருக்கிறது. எனக்குப் பதிலாக அவள்தான் இப்போது உள்ளே இருக்கிறாள். ஜன்னல் மூடியேதான் இருக்கிறது. திரைக்குப் பின்னாலிருந்து சுவா கத்துகிறாள், “அம்மா, என் மேல என்ன கோவம்? நீ இருமிக்கிட்டே இரு, யாரு வேணாங்கறா, உள்ள வந்து இருமு” என்கிறாள். நான் தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நானும் தீதி தரும் மாத்திரையை விடாமல் விழுங்குவேன், காய்ச்சல் விட்டாலும் விழுங்குவேன். ஒன்றே ஒன்றை மறக்காதே, உன்னையும் பரிசோதித்துக்கொள். நீயும் உன் அப்பா இருமிய வீட்டில் வளர்ந்தவள்தான். அங்கே உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக நீ பார்க்கிற அந்தக் கிருமி உனக்குள்ளும் ஒடுங்கிக் கிடக்கலாம். உன் மூச்சு தடையில்லாமல் ஓடட்டும், போகிற இடமெல்லாம் உனக்கு வெயில் விழட்டும்.

உன் அம்மா,
ஜமனா

மடிக்கும் முன் இன்னும் இரண்டு வரி. முகமூடியைக் கட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போய், ஜன்னலிலிருந்து ரஜாயை வெளிப்பக்கமாக இழுத்துப் போட்டேன். தள்ளி நின்று, சுவாவிடம் நோயின் பெயரைச் சொன்னேன்.