அழுங்கைக் காப்பாற்ற நான் வரைந்த படம்

எப்போதும் என்னைக் கேலி செய்தே பேசிய என் அன்பு மாமா,

உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நம் லைன் வீடுகளில் யாருக்குக் கடிதம் வந்தாலும், "சத்தமா படிடா, நாலு பேர் கேக்கட்டும்" என்பீர்கள். இதையும் நாலு பேர் கேட்கும்படியே எழுதுகிறேன்.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. உங்களைக் கட்டிய என் அக்கா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். ஆனால் உங்கள் இருமல் கேட்காத வீட்டுக்குள் அவளால் உட்கார முடியவில்லை. பகலெல்லாம் வாசலில் நிற்கிறாள். நான் சுரங்க ஸ்டோரில் அதே வேலையில்தான் இருக்கிறேன். ஷிப்டு மாறும் சங்கு ஊதும்போது மட்டும் கை தானாக நின்றுவிடுகிறது.

கடைசி வாரத்தில் நீங்கள் கேட்டது ஒன்றுதான். கோரமண்டல் சுரங்கத்துக்குப் பின்னால் உள்ள பாறைக்காட்டில் வளைக்குள் புகை போட்டு, எறும்பு தின்கிற அழுங்கைப் பிடிக்கிறார்கள், கறிக்காகவும், மூலநோய் போக மோதிரம் செய்துகொள்ளச் செதிலுக்காகவும். "அதுவும் நம்மள மாதிரி மண்ணத் தோண்டித்தான் பொழைக்குது ஏகாம்பரம். அத்த வுட்டுடுங்கன்னு ஒரு படம் போட்டு ஒட்டுடா. எழுத்து வாணாம், என்ன மாதிரி ஆளுக்கு அதுல இன்னா புரியும்?" என்றீர்கள். சாகக் கிடக்கிறவருக்கு இது என்ன ஆசை என்று வெளியே வந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

உங்கள் காரியம் முடிந்ததும் வரைய உட்கார்ந்தேன். விளக்குக்கரியும் செங்காவியும் குழைத்து, வால்மேல் குட்டியைச் சுமந்து போகும் தாய் அழுங்கை வரைந்தேன். ஒவ்வொரு செதிலாகப் போட்டேன். மாமா, நான் வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம். அதே போல ஒன்பது தாள். புளியங்கொட்டைப் பசை காய்ச்சி, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலிலும் ஸ்டோர் சுவரிலும் ஸ்டேஷன் பக்கத்திலும் ஒட்டினேன். என்னவென்று கேட்டவர்களிடம், "மாமா கடைசியா கேட்டது" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் விளக்காமல் அடுத்த சுவருக்குப் போய்விட்டேன்.

என் வேலை என்ன மாமா? சம்மட்டி காணாமல் போனால் சம்மட்டியை வரைந்து அதே சுவரில் ஒட்டுவேன். விளக்கு தொலைந்தால் விளக்கு. படிக்கத் தெரியாதவர்கள் படத்தைப் பார்த்து, பொருளைத் தேடி எடுத்துவந்து என்னிடம் கொடுப்பார்கள். இத்தனை வருஷமாக அந்தச் சுவரில் படம் இருந்தால், இது வேண்டும், கொண்டு வா என்றுதான் அர்த்தம். அப்படிப் பழக்கியவனே நான். எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

முதல் வாரத்தில் இரண்டு வந்தன. சாக்கில் உயிரோடு கட்டி, ஸ்டோர் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எவனோ விளையாடுகிறான் என்று திட்டிக்கொண்டே காட்டில் கொண்டுபோய் விட்டேன். அப்போதாவது யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாவதைக் கொண்டுவந்தவர் நாகப்பன் அண்ணன். உங்களோடு பத்து வருஷம் சுரங்கத்துக்குள் ஒரே லெவலில், பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுத்தவர். வேலைக்குப் போகாமல் மூன்று நாள் தோண்டியிருக்கிறார், நகமெல்லாம் பிய்ந்திருந்தது. "உன் மாமன் கடைசியா கேட்டதாமே. உயிரோட இருக்கச்சே அவனுக்கு ஒண்ணும் செய்யல. இத்தயாவது செஞ்சேன் ஏகாம்பரம்" என்று சாக்கை அவிழ்த்தார். கடப்பாரை பட்டுத் தாய் செத்திருந்தது. வால் நுனியில் நான்கு செதில் இல்லை. வால் செதில் உதிர்ந்த ஒன்றை விடிகாலையில் ஷிப்டுக்குப் போகும்போது பார்த்தேன் என்று வந்து சொல்வீர்களே, அதேதான். உயிரோடிருந்த அதன் குட்டி அந்த வாலை விடவே இல்லை. அக்கா புற்றைப் பெயர்த்து எறும்போடு அள்ளிவந்து வைத்துப் பார்த்தாள். அது தொடவில்லை. இரண்டாம் நாள் அதுவும் போய்விட்டது.

நாகப்பன் அண்ணனிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார் மாமா. "நல்லது அண்ணா" என்றேன். படம் வரைந்தபோது அதை இப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது. இதைச் சொன்னபோது தெரியும்.

ஒன்பது தாளையும் கிழித்துவிட்டேன். கிழித்து என்ன பயன்? நேற்று நாகப்பன் அண்ணன் மறுபடி வந்தார். "பேத்தமங்களா பாதையில இன்னொரு வளை பாத்து வெச்சிக்கிறேன், புங்கமரத்தாண்ட. உள்ள சத்தம் கேக்குது. ஞாயித்துக்கெழம தோண்டிடறேன்" என்றார். உங்களுக்குக் காரியம் செய்கிற திருப்தி அந்த முகத்தில் இருந்தது. அதை எந்த வாயால் கெடுப்பேன்? தப்பு அவருடையது அல்லவே. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நாளை ஞாயிறு. அவர் கடப்பாரையோடு வருவதற்குள் அந்த வளைக்கு முன்னால் போய் உட்கார்ந்திருப்பேன். மாமா கேட்டது வேறு, நான் அதைச் சொன்ன விதம்தான் கோளாறு என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். அவர் என்னை அடித்தாலும் சரி, அங்கேயே உட்கார்ந்து அழுதாலும் சரி, எழுந்திருக்க மாட்டேன். உங்கள் பெயரைச் சொல்லி இன்னொரு வளையை இடிக்க விடமாட்டேன் மாமா.

உங்களுக்குப் பெண் கொடுத்த வீட்டின் மச்சினன்,
ஏகாம்பரம்