தலைவரின் அம்மாவை எங்கே புதைத்தாய், நைனா?

என் பிரியமான நைனா,

நீ போய் மூன்று வருஷமாகிறது. நம் தெருவுக்கு டிவி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சினிமா போட்டால் தறிச் சத்தமே கேட்பதில்லை. இதையெல்லாம் நிதானமாக எழுத ஆசைதான். ஆனால் உன்மேல் எனக்குக் கோபம்.

தலைவருக்கு நினைவுக்குழு அமைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஆரணி நெசவாளர்களைத் திரட்டியதற்காக அவர் வேலூர் ஜெயிலில் இருந்தபோது அவருடைய அம்மா இறந்துபோனார். போலீசுக்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. நீயும் இன்னும் மூன்று பேரும்தான் பாடையைத் தூக்கிப்போய் ஆற்றங்கரையில் புதைத்தீர்கள். இப்போது தலைவரும் இல்லை, நீங்கள் நால்வரும் இல்லை. அதனால் குழு என் வாசலில் வந்து நிற்கிறது. புதைத்த இடத்தில் மண்டபம் கட்டவேண்டுமாம்.

ஒருவர் கோட்டைக்குப் பின்னால் என்கிறார். இன்னொருவர் சேத்துப்பட்டு ரோடு என்கிறார். குழுச் செயலாளர் ஆற்றோரத்தில் அஞ்சலாவின் வேர்க்கடலைக் கொல்லையைக் காட்டுகிறார்.

"தலைவரே அங்க வுழுந்து கும்புட்டாரும்மா. உங்கப்பாதான் கூட்டிகினு போயி காட்டினாரு. நீ ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

போட்டால் கொல்லை போய்விடும். அஞ்சலா புருஷனை இழந்தவள். இரண்டு பெண்களோடு அந்த அரைக் காணியில்தான் பிழைக்கிறாள்.

நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னிடம் மட்டும் சொன்னாயே, அதை நான் என்ன செய்வது? தலைவர் விடுதலையாகி வருவதற்குள் வெள்ளம் வந்து கரையையே மாற்றிவிட்டது என்றாய். "அவரு என் கையப் புடிச்சிகினு நிக்கறாரு. தெரிலன்னு எப்பிடிம்மா சொல்லுவேன்? ஏதோ ஒரு எடத்தக் காட்டிட்டேன்."

பிறகாவது சொல்லியிருக்கக் கூடாதா? எத்தனை வருஷம் அவர் அங்கே வந்து சூடம் ஏற்றினார்! அத்தனை காலம் மூடி வைத்ததைக் கடைசியில் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய்.

கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொன்னேன்.

"பெத்த அப்பாவையே பொய்யன்னு சொல்றியா?" என்று செயலாளர் கத்தினார்.

"ஆமாங்க. பாவம் பாத்து சொன்ன பொய்யி. அதுக்காக அஞ்சலாவ நடுத்தெருவுல நிக்க வெக்க முடியாது."

உன் கூட்டாளிகள் சிலர் இன்றும் என்னோடு பேசுவதில்லை. மறுநாள் அஞ்சலா வந்தாள். "என்னால உங்க நைனா பேரு கெட்டுப்போச்சேக்கா" என்று அழுதாள். நானும் அழுதேன்.

கொல்லை தப்பியது. குழு சும்மா இருக்குமா? பஸ் திரும்ப வசதி என்று சேத்துப்பட்டு ரோட்டில் மண்டபத்தைக் கட்டிவிட்டது. கல்வெட்டில், 'தலைவரின் அன்னை இங்கே உறங்குகிறார்.' எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எங்கியாவது ஒரு எடத்துல இருக்கணுமில்ல?" என்கிறார் செயலாளர்!

சரி, அந்த அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

குப்பம்மா. நீ சொன்ன பெயர்தான். இதாவது நிஜம்தானே, நைனா?

குழுவுக்கு இரண்டு மனு கொடுத்துவிட்டேன், பதில் இல்லை. மூன்றாவதும் கொடுப்பேன். அந்தக் கல்லில் 'இங்கே' என்ற சொல் போய், குப்பம்மா என்ற பெயர் ஏறும்வரை விடமாட்டேன். கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் ஊரே கதவைச் சாத்திய நாளில் தோள் கொடுத்தவன் நீ என்பதை ஒவ்வொரு மனுவிலும் எழுதுவேன்.

உன் பொய்யைச் சபையில் சொன்ன,
உன் ஒரே மகள்
மல்லிகா