பூட்டு இல்லாத அச்சு

மார்ச் 3

வண்டி முடிவாகிவிட்டது. மத்தியானம் முழுக்க ஷோரூமில் உட்கார்ந்திருந்தோம், நானும் இவரும். நிறத்துக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இழுத்தடித்தது சக்கரங்களைச் சுற்ற வைக்கும் அச்சுதான்.

அதன் பல்சக்கரத்துக்கு இரண்டு விகிதங்கள் இருக்கின்றன: 3.7, 4.6. விற்பனையாளர் படம் போட்டு விளக்கினார். என் மாட்டு டாக்டர் மண்டைக்கு ஏறியது இவ்வளவுதான். எண் கூடினால் வண்டிக்கு எருதின் இழுவை, குறைந்தால் குதிரையின் ஓட்டம். அடுத்தது டிஃபரன்ஷியல். வளைவில் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கம் வேகமாகவும் சுற்ற வேண்டுமே, அதற்காக நடுவில் இருப்பது. நல்ல சாலையில் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. கரடுமுரடான இடத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் மட்டும், இருக்கிற பலமெல்லாம் அதற்கே போய்விடும்; தரையில் இருக்கும் சக்கரம் வேடிக்கை பார்க்கும். அதற்கு லாக், அதாவது பூட்டு, இருந்தால் ஒரு பொத்தானை அழுத்தி இரண்டையும் சேர்ந்தே சுற்ற வைக்கலாம்.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இவர் சொல்லிவிட்டார். "மலை ஏறத்தானே வாங்குறோம்? 4.6 போடுங்க. பின்னாடி லாக்கும் வேணும்."

"ஹைவேல கொஞ்சம் இரைச்சலா இருக்கும் சார்."

"நாங்க ஹைவேக்கு டாட்டா காட்டியாச்சு."

ஜூன் முதல் வாரம் மலையில் கால்நடை மருத்துவமனையில் நான் பொறுப்பேற்க வேண்டும். இவர் மே கடைசியில் வேலையை விடுகிறார். அங்கிருந்தே கம்பெனிகளுக்குக் கணக்கு பார்த்துக் கொடுக்கலாம் என்கிறார். ஒன்பது வருஷமாக நான் கேட்டது. இப்போது அவரே எனக்கு முன்னால் நடக்கிறார்.

மார்ச் 5

கனவிலும் சக்கரம் சுற்றுகிறது. "டாக்டரம்மாவுக்கு அச்சு ஜுரம்" என்று இவர் கேலி.

மார்ச் 22

மலையில் இப்போது அந்தப் பொறுப்பில் இருக்கும் டாக்டரிடம் பேசினேன். ஓய்வு பெறப் போகிறவர். லாக்குக்குப் பதிலாகச் சக்கரம் வழுக்கினால் தானே பிடித்துக்கொள்ளும் வகை ஒன்று இருக்கிறதே, அது போதாதா என்று கேட்டேன்.

"ஈரக் களிமண்ணுல அது பிடிக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நீங்க பள்ளத்துல இருப்பீங்க. கையால போடுற லாக்கே எடுங்க. மாடு உதைச்சா தாங்கிக்கலாம்மா. இந்த ரோடு உதைச்சா தாங்காது."

இவரிடம் சொன்னேன். "அதான் எடுத்தாச்சே" என்றார், போனைப் பார்த்தபடியே.

ஏப்ரல் 16

தடுப்பூசி முகாம் முடிந்து வீடு வந்தேன். என் துணிகளையெல்லாம் துவைத்து, இஸ்திரி போட்டு அடுக்கி வைத்திருக்கிறார். சமையலறை பளபளவென்று இருக்கிறது.

"என்ன விசேஷம்?"

"சும்மாதான்."

ஷோரூமுக்கும் போய் வந்தாராம். வண்டி எப்போது வரும் என்று கேட்க. போனில் கேட்டிருக்கலாமே என்றேன். அந்தப் பக்கம் வேலை இருந்தது என்றார்.

மே 17

வண்டி வந்துவிட்டது. சொன்ன தேதிக்கு முன்பே.

நெடுஞ்சாலையில் நான்தான் ஓட்டினேன். வெண்ணெய் மாதிரி போகிறது. அவ்வளவு அமைதியாகப் போனதுதான் எனக்கு உறுத்தியது. இரைச்சல் இருக்கும் என்றாரே அந்த ஷோரூம் ஆள்? "புது வண்டி அப்படித்தான் இருக்கும்" என்றார் இவர். லாக் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிளாஸ்டிக் மூடி. கேட்டேன். "இந்த மாடல்ல திரையிலேயே வருமாம், பள்ளத்துல இறங்கினாதான் காட்டும்."

சரி என்று விட்டுவிட்டேன். ஏன் விட்டேன்?

மே 21

இதை எழுத உட்கார்ந்து வெகுநேரம் ஆகிறது.

காலையில் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு பழைய கல்குவாரிக்குப் போனேன். மலைக்குப் போகும் முன் கை பழக வேண்டும் என்றுதான். இரண்டாவது பள்ளத்திலேயே மாட்டிக்கொண்டது. முன்னால் இடது சக்கரமும் பின்னால் வலது சக்கரமும் அந்தரத்தில் காத்தாடி மாதிரி சுற்றுகின்றன. மண்ணில் இருப்பவை அசையவே இல்லை. திரையில் ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். மூடியை நகத்தால் நெம்பித் திறந்தேன். உள்ளே ஓட்டை, அவ்வளவுதான். ஒயர்கூட இல்லை.

கல் ஏற்ற வந்த டிராக்டர்காரர் கயிறு கட்டி இழுத்துவிட்டார். அங்கேயே நின்று ஷோரூமுக்குப் போன் போட்டேன்.

"மேடம், சார் ஏப்ரல்ல வந்து மாத்திட்டாரே. 3.7, லாக் வேண்டாம்னு. தினமும் ஹைவேல ஓட்டணும்னாரு. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

தினமுமா? யார் ஓட்டப் போவது?

மே 22

நேற்று ராத்திரி கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வார், அதையும் நான் நம்பிவிடுவேன் என்று பயம். காலையில் கேட்டேன். ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

மறுக்கவில்லை. அவசரமும் படவில்லை. வேலையை விடப்போவதே இல்லையாம். பக்கத்து நகரத்துக் கிளைக்கு மேலாளராகப் போடுகிறார்கள். ஏப்ரலிலேயே ஒப்புக்கொண்டாராம். தினமும் நெடுஞ்சாலையில் போய் வர வேண்டும். அதற்குத்தான் 3.7.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சண்டை வரும்."

"வண்டி எனக்குன்னுதானே வாங்கினோம்? நான் அங்க எதுல போறது?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. சின்னக் குழந்தைக்கு எடுத்துச் சொல்வதுபோல— "ஆறு மாசத்துல நீயே இறங்கி வந்துடுவே. அப்புறம் அந்த முரட்டு வண்டியை வெச்சுக்கிட்டு ஊருக்குள்ள என்ன பண்றது? நமக்காகத்தான் யோசிச்சேன்."

நமக்காகவாம்.

வரமாட்டேன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், அப்புறம் போயிருப்பேன். இது அது இல்லையே. நான் தோத்துத் திரும்பி வருவேன்னு முடிவு கட்டி, அதுக்கேத்த பல்சக்கரம் போட்டு வண்டி வாங்கியிருக்கார். பொறுப்பேற்கவே இல்லை நான் இன்னும். முகாமில் இடுப்பொடிய நான் நின்ன வாரத்துல போய் மாத்திட்டு வந்து, என் துணிக்கு இஸ்திரி போட்டிருக்கார்.

குவாரியில் மாட்டினது சரி. அதுவே மலையில் ஆகியிருந்தால்? அதை யோசித்தீர்களா என்று கேட்டேன். "நீ ஜாக்கிரதையா ஓட்டுவேன்னு தெரியும்" என்றார்.

மே 23

நாத்தனார் போன். "அண்ணி, அண்ணன் இன்னும் சொல்லியிருக்கமாட்டான்னு எனக்குத் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணீங்கன்னு நினைச்சேன். அம்மாகூட சந்தோஷப்பட்டாங்க."

எல்லோருக்கும் தெரியும். ஷோரூம் வாட்ச்மேனுக்குக்கூட தெரிந்திருக்கும்.

மே 24

இரண்டு பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். உப்பை நகர்த்தி வைத்தார். நன்றி என்றேன்.

மே 29

மலை வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று நேற்று ராத்திரியெல்லாம் புரண்டேன். பயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். இவர் சொன்ன ஆறு மாசம் காதிலேயே நிற்கிறது. ஒருவேளை சரியாகத்தான் சொன்னாரோ?

இன்று ஓய்வு பெறப் போகும் அந்த மலை டாக்டரைக் கூப்பிட்டு, உங்கள் பழைய வண்டியை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "ஓட்டிப் பார்த்துட்டு சொல்லுங்க. கதவு சத்தம் போடும். லாக் நல்லா இருக்கு" என்றார்.

ஜூன் 1

போய்ப் பார்த்தேன். பெட்டி மாதிரி வண்டி, அறுபதைத் தாண்டினால் அலறுகிறது. சரிவில் வேண்டுமென்றே ஒரு சக்கரத்தைப் பாறைமேல் ஏற்றித் தூக்கினேன், லாக் போட்டேன். கீழே 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி சாவகாசமாக நகர்ந்து ஏறிக்கொண்டது.

எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

ஜூன் 4

புறப்பட்டேன். டாக்டரின் பழைய வண்டியில் பெட்டிகளை அவர்தான் ஏற்றினார். "மாசத்துக்கு ரெண்டு தடவை வந்துடறேன்" என்றார். புது வண்டி பக்கத்திலேயே பளபளவென்று நின்றது. அதன் சாவியை வாசல் ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 27

மழை. மூன்று நாளாக மின்சாரம் இல்லை. போன வாரம் ஒரு ஆட்டுக்காரர் என் கைகளைப் பார்த்துவிட்டு, "இந்தக் கையா மாட்டைப் பிடிக்கும்?" என்றார். அவர் ஆட்டுக்கு மடிநோய். பிழைத்துவிட்டது. இன்று பால் கொண்டுவந்து வைத்தார்.

ஜூலை 13

அவர் இரண்டு முறை வருவதாகச் சொல்லி வரவில்லை. ஒருமுறை ஆடிட், ஒருமுறை மழை. வாசலில் நின்று வழி பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு தடவையும். வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 10

காட்டோரத் தொழுவம் ஒன்றில் தலையீற்றுப் பசு. வயிற்றில் கன்று குறுக்கே கிடந்தது. விடியற்காலையில் கூப்பிட்டார்கள், மத்தியானம் தாண்டித்தான் கன்றைத் திருப்பி எடுக்க முடிந்தது. தோள்பட்டை கழன்றுவிடும்போல வலி. கன்று எழுந்து நின்று விழுந்து மறுபடியும் நிற்பதைப் பார்த்துவிட்டு, அந்த வீட்டம்மா போட்ட தேநீரைக் குடித்துவிட்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் நினைவு வந்தது, இன்று அவர் வருகிற நாள். அடிவாரத்தில் வண்டியை நிறுத்துங்கள், பத்து மணிக்கு நான் வந்து அழைத்துப்போகிறேன் என்று நானேதான் சொல்லியிருந்தேன்.

போனை எடுத்துப் பார்த்தேன். நாலைந்து அழைப்புகள். கடைசியில் ஒரு செய்தி: 'கீழே காத்திருந்தேன். உன் போன் கிடைக்கல. திரும்பிப் போறேன்.'

'பிரசவம் பார்க்கப் போயிருந்தேன், மறந்துட்டேன்' என்று பதில் போட்டேன். பொய் ஒன்றும் இல்லை. குளித்துவிட்டு, தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்தேன்.