பத்தொன்பது என்று சொன்னேன்

குருக்கள்மடம்,
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கேதீஸ்வரிக்கு,

நானும் மகள் திலோஜினியும் வெயிலைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சுகமாக இருக்கிறோம். நீ குவைத்தில் எப்படி இருக்கிறாய் என்று வெள்ளிக்கிழமை தோறும் போனில் கேட்கிறேன்தான். நீயும் "எனக்கென்ன, நல்லா இருக்கன்" என்கிறாய். அந்த ஐந்து நிமிடத்துக்குள் யார் உண்மை சொல்வார்கள்? அதனால்தான் இந்தக் கடிதம். காத்தான்குடி கைறுன்னிஸா அக்கா லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்புகிறா. உன் கையிலேயே தருவதாகச் சொன்னா. கல்யாணத்துக்கு முன் உனக்கு எழுதினேனே, அதற்குப் பிறகு பேனை பிடிப்பது இன்றைக்குத்தான். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

இந்த முறை கச்சான் காற்று ஆனியில் தொடங்கியது, இன்னும் விட்டபாடில்லை. வாவிப் பக்கமிருந்து அடுப்பை ஊதிவிட்டதுபோல வருகிறது. பத்து மணிக்கு மேல் முற்றத்து மணலில் கால் வைக்க ஏலாது. கிணறு அடிக்குப் போய்விட்டது. விடிய ஐந்தாறு வாளி ஊறும், அவ்வளவுதான். திலோ சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் பாடம் எழுதுகிறாள். வளர்ந்துவிட்டாள். உன் பச்சைச் சட்டை அவளுக்கு அளவாக இருக்கிறது.

இப்படியே ஊர்க்கதை சொல்லிச் சொல்லி ஒளித்து ஓடிக்கொண்டிருக்கிறேன். சொல்ல வந்தது வேறு. உன் கோழிகள் பத்தொன்பது இல்லை, கேதீஸ். எட்டு.

நீ போகிற அன்றைக்கு, வேன் வந்து நின்ற பிறகும் கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தாய். "இருபது கோழி ஆகட்டும், முட்டை வித்துச் சீவிக்கலாம். வந்தா, பிறகு ஒரு இடமும் போகமாட்டன்" என்றாய். அதை நான் இரண்டு வருடமாகச் சாமி வாக்குப்போல மனதில் வைத்திருந்தேன். குஞ்சு பொரிக்கும்போதெல்லாம் நீ ஒரு அடி கிட்ட வருவதாக நினைத்துக்கொள்வேன். சித்திரையில் உண்மையாகவே பத்தொன்பது நின்றன.

வெயில் ஏற ஏற அவை வாயைத் திறந்து, செட்டையை விரித்துக்கொண்டு இளைக்கத் தொடங்கின. கூட்டின் மேற்குப் பக்கம் சாக்குக் கட்டி நனைத்துவிட்டால் குளிர்ச்சியாக இருக்கும் என்று யோசித்தேன். யோசனை நல்லதுதான். ஆனால் கிணற்றில் தண்ணீர் இல்லையே. வலை வளைத்துவிட்டு வரும்போது தோணியில் இரண்டு கலன் வாவித் தண்ணீர் கொண்டுவந்து சாக்கில் ஊற்றினேன். வடிகிற தண்ணீர் வீணாகக் கூடாதென்று கீழே ஒரு பிளாஸ்டிக் பேசினும் வைத்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன், போ!

குடிக்க வைத்த கிணற்றுத் தண்ணீர் வெயிலில் நின்று தேத்தண்ணிபோலக் கொதித்துக் கிடந்தது. கோழிகள் அதைத் தொடவில்லை. நிழலில் இருந்த பேசின் தண்ணீரைக் குடித்தன. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நல்லாகக் குடிக்கின்றன என்று உனக்குப் போனிலும் சொன்னேன், ஞாபகம் இருக்கா? நான்காம் நாள் தண்ணீராகக் கழியத் தொடங்கின. பிறகு ஒவ்வொன்றாகக் கழுத்தைத் தொங்கப் போட்டன. பக்கத்து வளவு நல்லரத்தினம் அண்ணன் வந்து பேசினில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "ஒனக்கென்னடா விசரா? உப்புத் தண்ணியயா கோழிக்கு வச்சிருக்காய்?" என்று கத்தினார். நானும் நக்கிப் பார்த்தேன். எனக்கு ஒரு உப்பும் தெரியவில்லை. பத்து வயதிலிருந்து அந்த வாவித் தண்ணீரில் வாய் கொப்பளித்தவனுக்கு எப்படித் தெரியும்? மழை இல்லாமல் வற்றி, இந்த வருடம் அது கடலாகவே மாறிக் கிடந்திருக்கிறது. பதினொன்று செத்தன. கறுப்பியும் போனது, செம்பன் சேவலும் போனது. எல்லாவற்றையும் முருங்கையடியில் குழி தோண்டி நானே தாட்டேன்.

அதற்குப் பிறகுதான் பொய் தொடங்கியது. வேலை வீட்டு மேடம் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறா, மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். அதே மூச்சில் "கோழி எத்தனை நிக்கிது?" என்றும் கேட்டாய். எட்டு என்று சொன்னால் நீ கையெழுத்துப் போட்டுவிடுவாய். பத்தொன்பது என்றேன். நீ சிரித்துவிட்டு, அப்படியானால் ஒன்றுதானே குறை, மேடத்துக்கு மாட்டேன் என்று சொல்லப் போகிறேன் என்றாய். நீ அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்! அந்தச் சிரிப்புக்காகப் போன கிழமை சீதேவிப்பிள்ளை மாமியின் வேலியோரம் போய் நின்றுகொண்டு உன்னோடு பேசினேன், அவவின் கோழிகள் கத்துவது உனக்குக் கேட்கட்டும் என்று. நீ என்ன லேசுப்பட்ட ஆளா? "இது செம்பன்ட குரல் இல்லயே" என்றாய். வெயிலுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று சமாளித்தேன். போனை வைத்ததும் திலோ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "அம்மா நம்பி வந்து எறங்கின பிறகு என்னப்பா சொல்லப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வியோடுதான் கைறுன்னிஸா அக்காவைப் பார்க்கப் போனேன். அவ கதையோடு கதையாகச் சொன்னா: நீ படுக்கிற அறை மொட்டை மாடியில் இருக்கிறதாம், ஏசி பழுதாகி இரண்டு மாதமாம், துவாயை நனைத்து மேலே போட்டுக்கொண்டு படுக்கிறாயாம். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? வரும் வழியெல்லாம் எனக்கு அழுகைதான், சைக்கிளை இரண்டு இடத்தில் நிறுத்திவிட்டேன். நான் இங்கே கோழிக்குச் சாக்கு நனைத்துக்கொண்டிருக்க, நீ அங்கே தனியாக உனக்கு நீயே நனைத்துக்கொண்டிருக்கிறாய். நீயும் பொய்தான் சொல்லியிருக்கிறாய், நானும் பொய்தான் சொல்லியிருக்கிறேன். இனிப் போதும்.

மிச்சம் இருப்பவற்றைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறேன். கூட்டுத் தகரத்துக்கு மேல் தென்னங்கிடுகு போட்டுவிட்டேன். நல்லரத்தினம் அண்ணனின் கிணற்றில் நல்ல தண்ணீர் அள்ளி, முட்டிப் பானையை வேப்பமர நிழலில் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்திருக்கிறேன், பின்னேரம் வரைக்கும் குளிர்ந்தே கிடக்கிறது. தீனி வெயில் ஏறுமுன் மட்டும். மத்தியானத்தில் திலோ வத்தகைப்பழத் தோலை வெட்டிப் போடுகிறாள்.

புள்ளிக்கோழி தப்பியதற்குக் காரணம், அந்த நேரம் அது வீட்டுக்குள் அடைகிடந்ததுதான். அதைக் கடகப் பெட்டியோடு எங்கள் கட்டிலுக்குக் கீழே, நீ படுக்கிற பக்கம் வைத்திருக்கிறேன். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். சுற்றிவர மணல் பரப்பி நனைத்துவிடுகிறேன். நான் விறாந்தையில் படுக்கிறேன். செம்பன் சாகுமுன் விழுந்த முட்டைகள், பன்னிரண்டு. நேற்று யன்னலைச் சாத்திவிட்டுத் திலோ போன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்பதில் உயிர் இருக்கிறது. இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்து இரண்டு மூன்று நாளில் பொரிக்கும்.

எட்டும் ஒன்பதும் பதினேழு. எல்லாம் தப்பினாலும் மூன்று குறைகிறது, கேதீஸ். அதற்கு நான் ஒரு பொய்யும் சொல்லப் போவதில்லை. கையெழுத்துப் போடாதே. கண்ணகை அம்மன் உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்ப்பா. அந்த மூன்றுக்கும் நீ வந்து முட்டை அடை வை.

நீ படுக்கிற பக்கத்தை ஒரு கோழிக்கு மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்,

சுதாகரன்